இட்டேரியும் குதிரைத் தடமும்

இட்டேரின்னு சொன்னா கொங்கு நாட்டுக்காரங்களுக்கு உடனே புரிஞ்சிடும். சென்னையிலயும் பெங்களூர்லயும் உட்கார்ந்து படிக்கிறவங்களுக்காக ஒரு வரி சொல்லிடறேன். ரெண்டு பக்கமும் கிளுவையும் கள்ளியுமா உயிர்வேலி, நடுவுல ஒரு மாட்டு வண்டி போற அகலத்துக்குத் தடம். அதுதான் இட்டேரி. வேலி மேல கோவைக்கொடியும் பிரண்டையும் படர்ந்து கிடக்கும். ஓணான், கீரி, கௌதாரி எல்லாத்துக்கும் அதுதான் வீடு. ஆடு மாடு மேய்ச்சலுக்குப் போறது, எரு வண்டி போறது, சீர் தூக்கிட்டுப் போறது, கடைசியில பாடை போறது வரைக்கும் எல்லாம் அந்த வழிதான்.

இதே மாதிரி வேலிக்கு நடுவுல ஓடற பழைய தடங்கள் இங்கிலாந்துலயும் உண்டு. அந்தத் தடங்களைக் காப்பாத்த அங்கே விடாம மல்லுக்கட்டறவங்கள்ல முக்கியமானவங்க குதிரை ஓட்டறவங்க. அந்தக் கதையைத்தான் இன்னைக்கு எழுதறேன். குதிரைன்னதும் "பணக்காரங்க பொழுதுபோக்கு, நமக்கென்ன"ன்னு தள்ளிடாதீங்க. ஒரு பொதுத்தடம் எப்படிச் சாகுது, எப்படிப் பிழைக்குதுன்னு அந்தக் கதையில நல்லாத் தெரியும். நம்ம ஊர் இட்டேரிக்கும் அதுல பாடம் இருக்கு.

கடிவாளப் பாதை

இங்கிலாந்துல பொதுத்தடத்தை வகை பிரிச்சு வச்சிருக்காங்க. 'ஃபுட்பாத்'ன்னா ஆள் நடக்க மட்டும். நம்ம டவுன்ல ரோட்டோரம் இருக்கிற பிளாட்பாரத்தைச் சொல்லலை. காட்டு வழியா, வயல் வழியா போற ஒத்தையடித் தடம். 'பிரிடில்வே'ன்னா ஆளும் போகலாம், குதிரை மேலயும் போகலாம், குதிரையைக் கையில பிடிச்சுக்கிட்டும் போகலாம். பிரிடில்னா கடிவாளம். அதனால நான் இதைக் கடிவாளப் பாதைன்னே சொல்றேன். 1968-ல வந்த ஒரு சட்டத்துக்கு அப்புறம் சைக்கிளும் இதுல போகலாம். ஆனா நடக்கிறவங்களுக்கும் குதிரைக்கும் சைக்கிள்காரர் வழி விடணும்.

இந்தத் தடங்களை யாரும் பொழுதுபோக்குக்காகப் போடலை. வடக்கே பென்னைன் மலைப்பக்கம் வண்டி ஏற முடியாத இடத்துல, கம்பளி, துணி, உப்பு, சுண்ணாம்பு எல்லாம் பொதிக்குதிரை மேலதான் போச்சு. அந்தக் காலத்துக் கல்பாலங்கள் இன்னும் சில இடத்துல நிக்குது. பாலம் ரொம்பக் குறுகல், கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம்கூட இருக்காது. குதிரையோட ரெண்டு பக்கமும் தொங்கற பொதி இடிக்கக் கூடாதுன்னு அப்படிக் கட்டினாங்க. மேற்கே வேல்ஸ்ல இருந்து மாட்டு மந்தைகளை லண்டன் ஸ்மித்ஃபீல்டு சந்தை வரைக்கும் நடத்தியே ஓட்டிட்டு வந்தாங்க. வழியில குளம்பு தேயாம இருக்க மாட்டுக்கு இரும்பு லாடம் அடிச்சாங்க. நம்ம வண்டி மாட்டுக்கு லாடம் கட்டற அதே வேலைதான்.

ரயில் வந்துச்சு. மாடும் பொதியும் ரயில் ஏறிடுச்சு. தடத்துல புல் முளைச்சுது. தேவை போச்சு, ஆனா உரிமை போகலை. இங்கிலாந்துச் சட்டத்துல ஒரு பழைய வாக்கு இருக்கு: ஒரு தடவை பொதுவழி ஆயிடுச்சுன்னா அது என்னைக்கும் பொதுவழிதான். நூறு வருஷம் ஒரு ஆள் நடக்கலைன்னாலும், அதை முறைப்படி உத்தரவு போட்டு மூடினாலொழிய உரிமை சாகாது. இந்த ஒரு வாக்கை மனசுல வச்சுக்குங்க. கதை முழுக்க இதைச் சுத்தித்தான்.

வேலி வந்த காலம்

ஒரு காலத்துல இங்கிலாந்து கிராமங்கள்ல நம்ம மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி பொதுவா அனுபவிக்கிற நிலம் நிறைய இருந்துச்சு. நிலம் பேருக்கு ஜமீன்தாரோடதா இருக்கும்; ஆனா ஊர்க்காரன் மாடு மேய்க்கலாம், விறகு எடுக்கலாம். 1604-ல இருந்து 1914 வரைக்கும் பார்லிமென்ட் 5,200-க்கு மேல தனித்தனிச் சட்டம் போட்டு, சுமார் 68 லட்சம் ஏக்கரை வேலி கட்டித் தனியார் கைக்கு மாத்துச்சு. ஏழை பாழை மாட்டை வித்துட்டுக் கூலிக்குப் போனான்.

இதுல ஒரு விசித்திரம் உண்டு. நிலத்தைப் பிரிச்சுக் கொடுக்க வந்த கமிஷனர்கள் வரைபடம் போட்டாங்க. அதுல இது வண்டி ரோடு, இது கடிவாளப் பாதை, இது நடைபாதை, இன்னின்ன அகலம்னு எழுதி வச்சாங்க. ஊர்க்காரன் மேய்ச்சலைப் பறிச்ச அதே காகிதம், ஊர்க்காரன் தடத்தைப் பத்திரமா வச்சிருந்துச்சு. இன்னைக்கும் அங்கே கோர்ட்டுல, விசாரணையில எல்லாம் அந்தக் காகிதம்தான் பெரிய சாட்சி.

ஆனா மூடறதுக்கும் வழி பண்ணிட்டாங்க. 1815-ல ஒரு சட்டம் வந்துச்சு. ரெண்டு உள்ளூர் மாஜிஸ்திரேட் கையெழுத்துப் போட்டா, "தேவையில்லாத" பொதுவழியை மூடிடலாம். அந்த மாஜிஸ்திரேட்டுகள் யாருன்னா, பெரும்பாலும் அக்கம்பக்கத்துப் பெரிய பண்ணையக்காரங்களே. அவர் தோட்டத்து வழியை இவர் மூடுவார், இவர் தோட்டத்து வழியை அவர் மூடுவார். சொல்லணுமா!

பட்டணத்துக்காரங்க உள்ளே வந்தது

1865-ல லண்டன்ல பொதுநிலங்களைக் காப்பாத்த ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அதுக்கு முன்னாடி கிராமத்தான் தனியா நின்னு தோத்துக்கிட்டு இருந்தான். இப்ப வக்கீலும் எம்.பி.யும் கூட நின்னாங்க. பெரிய சண்டை லண்டன் பக்கத்துல இருக்கிற எப்பிங் காட்டுக்காக நடந்துச்சு. லௌட்டன் ஊர்ல தாமஸ் வில்லிங்கேல்ங்கிற ஒரு கூலிக்காரக் குடும்பம், குளிர்காலத்துக்குக் கிளை வெட்டற பழைய உரிமையை விட மாட்டேன்னு வேலியைத் தாண்டிப் போய் வெட்டுச்சு. அந்தக் குடும்பத்து ஆட்கள் சிறைக்குப் போனாங்க. அப்புறம் லண்டன் மாநகராட்சி வழக்குக்குள்ள வந்துச்சு. எப்படி வந்துச்சு தெரியுமா? இடுகாட்டுக்காக அந்தப் பக்கம் மாநகராட்சி நிலம் வாங்கியிருந்துச்சு. அந்த நிலத்தோட காட்டுல மாடு மேய்க்கற உரிமையும் ஒட்டிக்கிட்டு வந்திருந்துச்சு. அதை வச்சே வழக்குப் போட்டு 1874-ல ஜெயிச்சுது. 1878-ல சட்டம் வந்து காடு எல்லாருக்கும் பொதுன்னு ஆச்சு.

நடக்கிறவனுக்குக் கதவு திறந்தா குதிரைக்காரனுக்கும் திறக்குமா? அதுக்கும் கோர்ட் ஏறணும். 1925-ல வந்த சொத்துச் சட்டம், நகரத்தை ஒட்டின பொதுநிலங்கள்ல "காற்று வாங்கவும் உடற்பயிற்சிக்கும்" யாரும் போகலாம்னு சொல்லுச்சு. காலால நடந்து வாங்கற காத்து மட்டும்தான் காத்தா, குதிரை மேல உட்கார்ந்து வாங்கக் கூடாதான்னு கேள்வி வந்துச்சு. 1998-ல கோர்ட் சொல்லுச்சு: குதிரை மேல போறதும் அதுக்குள்ள அடக்கம். சட்டம் வந்து எழுபது வருஷம் தாண்டித்தான் அதுக்குப் பதில் கிடைச்சுது.

வரைபடத்துல விழுந்த ஓட்டை

1932 ஏப்ரல்ல, கிண்டர் ஸ்கௌட் மலையில சுமார் 400 பேர், பெரும்பாலும் மான்செஸ்டர் பக்கத்துத் தொழிலாளிங்க, தடையை மீறி ஏறினாங்க. அஞ்சு பேர் ஜெயிலுக்குப் போனாங்க. அந்த மாதிரிப் போராட்டங்களுக்கு அப்புறம் 1949-ல தேசியப் பூங்காக்கள், கிராமப்புற வழிகளுக்கான சட்டம் வந்துச்சு. நாட்டுல இருக்கிற பொதுத்தடம் அத்தனையும் கணக்கெடுத்து வரைபடத்துல ஏத்தணும்னு சொன்ன சட்டம் அது. அந்த வரைபடத்துல ஒரு தடம் இருந்தா, அதுதான் முடிவான சாட்சி. வேற பேச்சே கிடையாது.

நல்ல சட்டம்தான். ஆனா கணக்கெடுப்பு எப்ப நடந்துச்சுன்னு பாருங்க. 1950-கள். வயல்ல குதிரை பார்த்த வேலையை டிராக்டர் பார்க்க ஆரம்பிச்ச நேரம். கணக்கெடுத்தது யாரு? நம்ம பஞ்சாயத்து மாதிரி இருக்கிற பாரிஷ் ஆட்கள். தடத்துல நடந்து பார்த்தாங்க, குளம்படி தெரியலை, நடைபாதைன்னு எழுதிட்டாங்க. சில இடத்துல எழுதாமலே விட்டுட்டாங்க. சில ஊர்ல, நம்ம நிலத்துல குதிரை எதுக்குன்னு நினைச்சவங்களும் இருந்திருப்பாங்க.

இதனால ஒரு கூத்து. ஒரே தடம், ஒரு பாரிஷ்ல கடிவாளப் பாதையா இருக்கும். அடுத்த பாரிஷ் எல்லையைத் தொட்டதும் நடைபாதை ஆயிடும். அந்த ஊர்ல ஒரு மாதிரி எழுதினாங்க, இந்த ஊர்ல ஒரு மாதிரி. மலை மேல குதிரையோட வர்றவர் அந்த எல்லையில என்ன பண்ணுவார்? குதிரைக்கு இறக்கையா முளைக்கும்? வந்த வழியே திரும்பணும், இல்லைன்னா தார் ரோட்டுல இறங்கணும். இன்னைக்கு இங்கிலாந்து, வேல்ஸ்ல பொதுத்தடம் மொத்தம் சுமார் 1,40,000 மைல். இங்கிலாந்துல இருக்கிறதுல குதிரை போகக்கூடியது சுமார் 22 சதவீதம்தான், அதுவும் துண்டு துண்டா.

மீதி வழி ரோடு. குதிரை பயந்த சுபாவம். பின்னாடி லாரி ஹாரன் அடிச்சா எங்கே ஓடும்னு சொல்ல முடியாது. 2022-ல அங்கே போக்குவரத்து விதியில, குதிரையைத் தாண்டும்போது மணிக்கு 10 மைல் வேகத்துக்கு மேல போகாதே, குறைஞ்சது 2 மீட்டர் இடைவெளி விடுன்னு எழுதி வச்சிருக்காங்க. அப்படி எழுத வேண்டிய அளவுக்கு விபத்து இருக்குன்னுதானே அர்த்தம்.

ஒரு அம்மா குதிரை ஏறினாங்க

1986-ல மேரி டௌன்லிங்கிற அம்மா, ரெண்டு சிநேகிதிகளோட குதிரையில கிளம்பினாங்க. வடக்கே நார்தம்பர்லாந்துல கார்பிரிட்ஜ்ல இருந்து தெற்கே டர்பிஷர்ல ஆஷ்போர்ன் வரைக்கும், சுமார் 250 மைல், பென்னைன் மலை ஓரமாகவே. கடிவாளப் பாதைகள் எந்த லட்சணத்துல கிடக்குன்னு காட்டறதுதான் நோக்கம். தடத்துல போய்க் காட்டறதை விடப் பெரிய மனு இல்லைன்னு அந்த அம்மாவுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

அந்தப் பயணத்துல இருந்துதான் பென்னைன் பிரிடில்வேங்கிற தேசியத் தடம் வந்துச்சு. குதிரைக்காரங்களை மனசுல வச்சே போட்ட 205 மைல் தடம். பழைய பொதிக்குதிரை வழிகளைத் தேடிப் பிடிச்சு, நடுவுல விட்டுப்போன இடங்களைச் சேர்த்து அமைச்சாங்க. 2001-ல அந்த அம்மா காலமாயிட்டாங்க. அடுத்த வருஷம் அவங்க பேர்ல 47 மைல் வட்டத்தடம் திறந்தாங்க.

காகிதத்தோட ஓட்டப்பந்தயம்

2000-ல ஒரு புதுச் சட்டம். மலை, மேடு, பொதுநிலம் எல்லாத்துலயும் தடத்தை விட்டு விலகியும் சுத்தலாம்னு உரிமை கொடுத்துச்சு. ஆனா காலால நடக்கிறவங்களுக்கு மட்டும், குதிரைக்கு இல்லை. அதே சட்டத்துல இன்னொரு குண்டும் இருந்துச்சு. 1949-க்கு முந்தின தடங்கள்ல வரைபடத்துல ஏறாதது ஏதும் இருந்தா, 2026 ஜனவரி 1-க்குள்ள விண்ணப்பம் போடணும். இல்லைன்னா சில விதிவிலக்கு போக அந்த உரிமை செத்துடும்.

"என்னைக்கும் பொதுவழிதான்"ங்கிற அந்தப் பழைய வாக்குக்கு முதல் தடவையா ஒரு கெடு வச்சாங்க. பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டின்னு 1947-ல ஆரம்பிச்ச சங்கம் ஒண்ணு இருக்கு. அவங்களும், மத்த தன்னார்வலர்களும் ஆவணக் காப்பகத்துல போய் உட்கார்ந்தாங்க. வேலி கட்டின காலத்து வரைபடம், சர்ச்சுக்குக் கட்டின வரிக்காகப் போட்ட வரைபடம், எல்லாத்தையும் புரட்டினாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது 1910-ம் வருஷத்துக் காகிதம். அப்ப அரசாங்கம் நிலத்துக்கு ஒரு புது வரி போட மதிப்பீடு எடுத்துச்சு. "என் நிலத்துல பொதுவழி போகுது, அதனால மதிப்பு குறைவு"ன்னு நிலக்காரர் சொன்னா வரியில கழிவு உண்டு. பல பேர் கழிவு வாங்கியிருக்காங்க. நூறு வருஷம் கழிச்சு அதே நிலத்துல கேட்டைப் பூட்டிட்டு, இங்கே பொதுவழியே கிடையாதுன்னு சொன்னா, அன்னைக்கு வாங்கின கழிவு எதிர்ல வந்து நிக்குது!

2022-ல அந்தக் கெடுவை எடுத்துடறோம்னு அரசு சொல்லுச்சு. 2023-ல இல்லை, 2031-க்குத் தள்ளி வைக்கறோம்னு சொல்லுச்சு. 2024 டிசம்பர்ல, ஆட்சி மாறின பிறகு, அடியோட நீக்கப் போறோம்னு அறிவிப்பு வந்துச்சு. விண்ணப்பங்கள் மட்டும் கவுன்சில் ஆபீஸ்கள்ல வருஷக்கணக்கா வரிசையில நிக்குது. ஆபீஸ்னா எல்லா ஊர்லயும் ஆபீஸ்தானுங்களே.

விவசாயி பக்கத்து நியாயம்

நானும் நிலம் வச்சிருக்கிறவன். அதனால அந்த ஊர் விவசாயி பக்கமும் சொல்லிடறேன். தடத்துல வர்றவங்க படலைத் திறந்து போட்டுட்டுப் போனா மாடு ரோட்டுல நிக்கும். கூட வர்ற நாய் ஆட்டைத் துரத்தும். மழைநாள்ல குதிரைக் குளம்பு ஈரமண்ணை உழப்பி வச்சிடும். இதெல்லாம் பொய்யில்லை.

இதுக்கு அவங்க கண்ட வழி எனக்குப் பிடிச்சிருக்கு. 1990-ல வந்த சட்டம் விவசாயியை உழவே கூடாதுன்னு சொல்லலை. வயல் நடுவுல தடம் போனா உழுதுக்கோ. விதைக்க உழுதா 14 நாளைக்குள்ள தடத்தைச் சமன் பண்ணிக் கொடு. நடைபாதைன்னா குறைஞ்சது 1 மீட்டர், கடிவாளப் பாதைன்னா 2 மீட்டர். வயல் ஓரமாப் போற தடம்னா அதுல கலப்பை வைக்கவே கூடாது. யாருக்கு எவ்வளவுன்னு அளந்து வச்சாச்சு. பங்காளிச் சண்டை பாதியும் அளவு தெரியாததால வர்றதுதானே.

நம்ம பக்கம்

இருபது வருஷம் பொதுமக்கள் ஒளிவுமறைவு இல்லாம, அடாவடி இல்லாம, அனுமதி கேட்காம ஒரு வழியில போய் வந்தா, அது பொதுவழின்னு எடுத்துக்கலாம்னு இங்கிலாந்துச் சட்டம் சொல்லுது. நம்ம ஊர்லயும் அந்த இருபது உண்டு. 1882-ம் வருஷத்து இந்திய வசதியுரிமைச் சட்டம் மொதல்லயே மதராஸ் மாகாணத்துக்கும் சேர்த்துத்தான் வந்துச்சு. அடுத்தவர் நிலத்து வழியா இருபது வருஷம் தடையில்லாம, பகிரங்கமா, உரிமையோட போய் வந்தா தடப் பாத்தியம் உண்டு. அங்கே இருந்து வந்த சிந்தனைதான்.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம். இந்தப் பாத்தியம் ஒரு நிலத்துக்காரருக்கு இன்னொரு நிலத்து மேல இருக்கிற உரிமை. இருபது வருஷம் யாரும் அந்தத் தடத்துல போகலைன்னா, பொதுவா அந்தப் பாத்தியம் அத்துப்போகும்னு அதே சட்டம் சொல்லுது. சர்க்கார் புறம்போக்கா இருக்கிற பாதைக்கு வேற கணக்கு, அது ஊர்ச்சொத்து. பட்டா நிலத்துக்குள்ள போற தடம் அப்படி இல்லை. நடக்க நடக்கத்தான் உயிர்.

இப்ப இட்டேரிகளைப் பாருங்க. வண்டி மாடு போச்சு. டிராக்டர் தார் ரோட்டுல சுத்தி வருது. இட்டேரியில நடக்கிற ஆள் குறைஞ்சாச்சு. ரெண்டு பக்கத்துக்காரங்களும் வருஷத்துக்கு ஒரு முழம் உள்ளே வர்றாங்க. டவுன்ல இருந்து பத்து ஏக்கர் வாங்கறவங்க மொத வேலையா கல்லுக்கால் நட்டுக் கம்பிவேலி போடறாங்க. அவங்க மேல தப்புன்னு சொல்ல மாட்டேன். அது தடம்னு அவங்களுக்கு யாரும் சொல்லலை. கடைசித் தோட்டத்துக்காரருக்கு நெல்லு அறுக்கற மெஷின் போக வழியில்லாம போகும்போதுதான் விஷயமே வெளியில வரும்.

படிக்கிறவங்கள்ல பாதிப் பேருக்கு ஊர்ல தாத்தா நிலம் இருக்கும். இல்லைன்னா வாங்கற யோசனை இருக்கும். அடுத்த தடவை ஊருக்கு வரும்போது மூணு வேலை பண்ணுங்க. புல வரைபடத்தை எடுத்து, வண்டிப்பாதை எங்கே போட்டிருக்குன்னு பாருங்க. பழைய கிரயப் பத்திரத்துல மாமூல் தடத்துல ஆள், வண்டி, கால்நடை போக வரப் பாத்தியம்னு ஒரு வரி இருக்கும், அதைத் தேடுங்க. புதுப் பத்திரம் எழுதும்போது அந்த வரி விட்டுப்போகாம வக்கீல்கிட்டச் சொல்லுங்க.

மூணாவது வேலைதான் சுலபம். அந்தத் தடத்துல ஒரு நடை நடந்துட்டு வாங்க. குழந்தைகளையும் கூட்டிட்டுப் போங்க. முள்ளு குத்தும், செருப்புப் போட்டுக்குங்க. கோவைப்பழம் சிவந்திருந்தா ஒண்ணு பறிச்சுக் கொடுங்க.